வெள்ளம் வந்த வாரம் எங்கள் கோயிலில் தங்கியவர்கள்

சபைக்கு வெளியே இருக்கிறவர்களோடு நமக்கு ஏற்பட்ட அனுபவங்களை எழுதலாம் என்று போன வாரம் பேசிக்கொண்டோம். நானே ஆரம்பிக்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனை முடியும்போதே மழைச் சத்தத்தில் ஆசீர்வாத ஜெபம் காதில் விழவில்லை. தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணிக்கு அதிக தூரமில்லாத ஊர் எங்களுடையது. எங்கள் பக்கம் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம், அதனால் அப்படியே எழுதுகிறேன். பெய்தது எவ்வளவு என்று பிறகு செய்தியில் பார்த்தபோதுதான் தெரிந்தது, காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். எங்கள் வறண்ட பூமியில் வருஷம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு வராது. ராத்திரி குளம் உடைந்து கீழத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் ஏறிவிட்டது. கோயில் மேட்டில் இருக்கிறது. மணி அடிக்கிற அண்ணாச்சி தானாகவே போய் மணியை விடாமல் அடித்தார், அந்த இருட்டில் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் வந்தார்கள். மூன்று மணிக்குள் கோயிலிலும் பக்கத்து ஹாலிலுமாக இருநூறு பேர் இருக்கும். அதில் பாதிக்கு மேல் சபையார் இல்லை.

ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் மூன்று பேர் வந்தார்கள். கறுப்பு வேட்டி, கையில் நனைந்த துணிப்பை. படிக்கு வெளியே மழையிலேயே நின்றார்கள், உள்ளே வாங்க என்றால் இருக்கட்டும் இருக்கட்டும் என்றார்கள். வரலாமா என்று அவர்களுக்குத் தயக்கம், அவர்களை எப்படிக் கூப்பிடுவது என்று எங்களில் சிலருக்குத் தயக்கம். மாலை போட்டவரை ஊரில் எல்லாரும் சாமி என்றுதான் சொல்வார்கள். நம் வாயில் அந்த வார்த்தை ஒரு மனிதரைப் பார்த்து அவ்வளவு சுலபமாக வராது, நமக்கு அது கடவுளைச் சொல்கிற வார்த்தை. கடைசியில் வாலிபர் சங்கத்துப் பையன் ஒருவன், பதினேழு வயது இருக்கும், இறங்கிப் போய் மூத்தவர் கையைப் பிடித்து, "சாமி, பிள்ளைங்கெல்லாம் உள்ளதான் படுத்திருக்கு, நீங்களும் வாங்க சாமி" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

விடிந்ததும் சாப்பாட்டுக் கவலை. கிறிஸ்மஸுக்கு வாங்கி வைத்த அரிசி இருந்தது, பெண்கள் ஒவ்வொரு உலைக்கும் எடுத்து வைத்துக் கோயிலுக்குக் கொடுக்கிற கைப்பிடி அரிசி இரண்டு மூட்டை இருந்தது. கோழி வளர்க்கிற ஒருவர், தண்ணீரில் சாகப்போகிறது என்று மிச்சமிருந்த கோழியெல்லாம் கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் குளிரில் கோழிக்குழம்பு என்றால் எவ்வளவு பெரிய விஷயம். ஆனால் இந்த மூன்று பேரும் விரதம், கறி வெந்த பாத்திரத்தில் பொங்கிய சோற்றையும் தொட மாட்டார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். கரண்ட் இல்லை, விறகு ஈரம், இருநூறு பேருக்கு வடிக்க வேண்டும், இதில் மூன்று பேருக்குத் தனியாகவா என்று வாய்விட்டே கேட்டேன். குருவானவரின் மனைவி (அம்மா என்றுதான் கூப்பிடுவோம்) எனக்குப் பதில் சொல்லவில்லை. தன் வீட்டுப் பரணிலிருந்து, மகள் கல்யாணத்துக்கு வாங்கி இன்னும் அடுப்பேறாத ஒரு பாத்திரத்தை இறக்கிக் கழுவி மூத்தவர் கையில் கொடுத்தார். "அரிசி, பருப்பு, உப்பு, புளி எல்லாம் இந்தா இருக்கு. அந்த மூலையில ஒரு அடுப்பு கூட்டித் தாரேன், நீங்களே பொங்கிக்கிடுங்க, அப்பதான் உங்களுக்கு மனசு ஒப்பும்" என்றார். நான்கு நாளும் அந்த மூலைப் பக்கம் யாரும் கறிச்சட்டியோடு போகாதபடி பார்த்துக்கொண்டவரும் அவர்தான். அவர்களுடைய விரதம் அவருடைய விசுவாசம் இல்லை. ஆனாலும் தன் வீட்டு வளாகத்தில் அது முறிந்துவிடக் கூடாது என்று அத்தனை கவனம். கிருபை என்கிற வார்த்தையை நான் சின்ன வயதிலிருந்து எத்தனை ஆயிரம் தடவை பாடியிருப்பேன், கண்ணால் பார்த்தது அந்த மூலை அடுப்பில்தான்.

அப்புறம் கோலம். வெள்ளம் வந்த அன்றுதான் மார்கழி பிறந்திருந்தது. மழை வெறித்த நாள் காலையில் கீழத் தெரு அக்கா ஒருவர் ஹால் வாசலில், ஈரம் காயாத சிமெண்டில், ஒரு பிடி அரிசி மாவில் சின்னதாகக் கோலம் போட்டிருந்தார். வீடு இடிந்துபோனவர் அவர். மார்கழியில் வாசல் தெளிக்காமல் ஒருநாள்கூட இருந்ததில்லையாம். எங்கள் கமிட்டிப் பெரியவர் ஒருவருக்கு முகம் மாறிவிட்டது, தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னார். அவரை நான் குறை சொல்ல வரவில்லை, தன் வீட்டு மாடியில் பதினோரு பேரைத் தங்கவைத்துச் சோறு போட்டுக்கொண்டிருந்தவர் அவர், பயம் வேறே. குருவானவர் வந்தார், கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். "நம்ம வாசல்ல கோலம் போட்டிருக்காங்கன்னா, இதைத் தன் வீடுன்னு நினைச்சுட்டாங்கன்னுதானே அண்ணாச்சி?" என்றார். யாரும் கழுவவில்லை.

நெஞ்சை அறுத்த ஒன்றும் நடந்தது. வெளியூரிலிருந்து வேனில் சாமான் கொண்டுவந்த ஒரு குழு, பொட்டலம் கொடுப்பதற்கு முன்னால் எல்லாரும் கண்ணை மூடி ஒரு ஜெபத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றார்கள். பிள்ளைகளை இடுப்பில் வைத்திருந்த தாய்மார் சொன்னார்கள். பால் பவுடர் வேண்டுமே, சொல்லாமல் என்ன செய்வார்கள். அந்த உதடுகள் அசைந்ததை ஆண்டவர் ஜெபமாக எடுத்துக்கொண்டிருப்பாரா? நான் நம்பவில்லை. அடுத்து வந்த வண்டிகளுக்கு நாங்கள் ஒன்று சொல்லிவிட்டோம், சாமானை ஹாலில் இறக்கிவிடுங்கள், கொடுப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் வந்தது 2004-ல் பட்ட அடியால். டிசம்பர் 26, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். சுனாமி வந்த ஐந்தாம் நாள் நாகப்பட்டினம் போன குழுவில் நானும் இருந்தேன். அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்துபோயிருந்தார்கள். அக்கரைப்பேட்டையில் சோற்றுப் பொட்டலம் கொடுத்தோம், ஒவ்வொன்றிலும் சுவிசேஷம் அச்சடித்த ஒரு கைப்பிரதியும் சேர்த்துக் கட்டியிருந்தோம். ஒரு மீனவர், ஐம்பது வயது இருக்கும், பொட்டலத்தைப் பிரித்து, கைப்பிரதியை எடுத்து, எண்ணெய் படாமல் துண்டில் துடைத்து, நாலாக மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். "சாமி விஷயம் தம்பி, கசங்கிடக் கூடாது, நீங்களே வச்சுக்குங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. வீட்டில் இரண்டு பேரைப் புதைத்துவிட்டு வந்தவர் என்று பிறகு சொன்னார்கள். என் காகிதத்துக்கு அவர் கொடுத்த மரியாதையை அவருடைய துக்கத்துக்கு நான் கொடுக்கவில்லை. இன்றைக்கும் அந்த மடிப்பு கண்ணிலேயே நிற்கிறது.

சுவிசேஷம் சொல்லக் கூடாது என்று நான் எழுதுவதாக யாரும் நினைக்க வேண்டாம். கேட்கிறவர்களுக்குச் சொல்வேன், சந்தோஷமாகச் சொல்வேன். சோற்றுக்கு விலையாக அதை வைக்க மாட்டேன், அவ்வளவுதான்.

இன்னொன்று. அதே 17-ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது, சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டார்கள். பக்கத்து ஊர் ஜனங்கள் அம்மன் கோயிலில் வைத்துச் சமைத்து அவர்களுக்குச் சாப்பாடு போட்டார்கள். எங்கள் சபைக்காரர் ஒருவர் அந்த ரயிலில் இருந்தார். கொடைத் திருவிழாவுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து பொங்கல் வந்தால் வாங்கி ஓரமாக வைத்துவிடுகிற ஆள். அன்றைக்கு அந்த வளாகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். திரும்பி வந்து சபையில் சாட்சி சொன்னபோது நல்ல சமாரியன் பகுதியைத்தான் வாசித்தார். "அவனைத் தன் சுயவாகனத்தின்மேல் ஏற்றி" என்கிற இடத்தில் நிறுத்தி, "இத்தனை வருஷமா நான் என்னைச் சமாரியன்னு நினைச்சே வாசிச்சிட்டேன், அங்க அடிபட்டுக் கிடந்தவன்தான் நான்" என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை.

நீங்களும் எழுதுங்கள்.

*

வேலூரில் படித்த ஒரு சகோதரி எழுதியது:

அந்த அடுப்பேறாத பாத்திரத்தைப் படித்ததும் எனக்கும் எழுத வேண்டும்போல் இருந்தது அண்ணா. நான் செவிலியர், ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது. எங்களுக்குப் படிக்கும்போதே மனதில் பதிந்த கதை, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடருடையது. திண்டிவனத்தில் ஒரே ராத்திரி மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டுகிறார்கள், மூன்று பேர் மனைவிக்கும் பிரசவம் சிக்கலாகிவிட்டது. டாக்டரான அவருடைய அப்பா வருகிறேன் என்றால் ஆண் வேண்டாம், நீ வா என்று அந்த இளம்பெண்ணைக் கூப்பிடுகிறார்கள். அவருக்கோ வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் இந்துதான். சபைக்காரர் ஒருவர்கூட இல்லை. அந்த மூன்று பேருக்காகத்தான் அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பினார், 1900-ல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியத்தை ஆரம்பித்தார்.

என் அனுபவம் சின்னது. நான் பிறகு வேலை பார்த்த ஊரில், இரவுப் பணியில் ஒரு முஸ்லிம் பெரியவர், கடைசி நாட்கள், எழுந்து உட்காரவும் முடியாது. தொழுகைக்கு எந்தப் பக்கம் மேற்கு என்று கையால் கேட்டுக்கொண்டே இருந்தார். கட்டில் தெற்கு வடக்காகக் கிடந்தது. நானும் உதவியாளரும் ட்ரிப் ஸ்டாண்ட், ஆக்சிஜன் எல்லாவற்றையும் நகர்த்திக் கட்டிலைத் திருப்பிப் போட்டோம், அரை மணி நேரம் ஆனது. அவர் கண்ணாலேயே தொழுதார். அது முடிகிற வரைக்கும் யாரும் ஊசி போட வராமல் நான் வாசலில் நின்றேன். நின்றபடியே நானும் ஜெபித்தேன், என் முறைப்படி. அவர் மகள் அதைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை, தன் பிளாஸ்க்கிலிருந்து எனக்கு ஒரு டம்ளர் டீ ஊற்றிக் கொடுத்தாள்.

*

படிக்க மட்டும் வருகிற ஒருவர் எழுதியது:

நான் கிறிஸ்தவன் இல்லை. எழுதலாமா என்று யோசித்தேன், சரி, சபைக்கு வெளியே இருக்கிறவன் சொல்வதும் சேரட்டும்.

1998-ல் அப்பா இறந்தபோது எனக்குப் பதினான்கு வயது. அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் துக்கம் விசாரிக்க வந்து, பிணம் எடுப்பதற்கு முன்னாலேயே, அப்பாவின் ஆத்துமா எங்கே போகும் என்று அம்மாவிடம் விளக்கினார். அம்மா அதைப் பல வருஷம் மறக்கவில்லை. எதிர் வீட்டு டீச்சரும் உங்கள் சபைதான். காரியம் முடிகிற வரை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை, அந்தப் பதினாறு நாளும் காலை ஐந்து மணிக்கு டீச்சர் தூக்குவாளியில் காப்பியோடு வந்துவிடுவார். இடையில் வந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் கோயிலுக்குப் போகாமல் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இயேசு என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. ஒரு வருஷம் கழித்து அம்மாவுக்கு ஆபரேஷன் என்றபோது நானாகத்தான் போய், டீச்சர், நீங்க ஜெபம் பண்ணும்போது எங்கம்மாவையும் சேர்த்துக்கங்க என்று கேட்டேன்.

"உங்கப்பா போன அன்னைக்கே சேர்த்துட்டேன்டா" என்றார்.

*

முதலில் எழுதியவன்:

தம்பி, உங்கள் டீச்சரை இரண்டு முறை படித்தேன். துக்க வீட்டில் அந்த முதல் மனிதர் அப்படி நடந்துகொண்டதற்கு உங்கள் அம்மாவிடம் எங்களில் யாராவது மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும்.

பாத்திரம் என்ன ஆயிற்று என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் வடிந்து அவரவர் வீட்டுக்குப் போகும்போது, அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அம்மா கொடுத்துவிட்டார். தை பிறந்து, மலைக்குப் போய்விட்டு வந்து மாலை கழற்றிய பிறகு, மூத்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குருவானவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். அதே பாத்திரம், பளபளவென்று. வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம், உள்ளே உடன்குடிக் கருப்பட்டி நிறைய இருந்தது. "பிரசாதம் கொண்டாந்தா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு நினைச்சேன். இது படைச்சது இல்லம்மா, கடையில வாங்கினதுதான்" என்றார்.

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவரைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார். அன்றைக்கு ஆராதனை முடிந்து வந்த எல்லாருக்கும் அந்தக் கருப்பட்டியில்தான் காப்பி.