மறுமொழி: ஹாஸ்பிஸ் – தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம். குணப்படுத்த முடியாத நோயில் இருப்பவர்களின் வலியைத் தணித்துப் பார்த்துக்கொள்ளும் இடமான 'ஹாஸ்பிஸ்' என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் வந்த இரண்டு கருத்துகளுக்கு என் மறுமொழி இது.

> 'இறுதிக்காலப் பராமரிப்பகம்' என்றே வைத்துவிடலாம். பொருள் தெளிவாக இருக்கிறது.

ஐயா, அந்தத் தெளிவுதான் எனக்குத் தயக்கம் தருகிறது. என் அக்காவுக்குப் புற்றுநோய் முற்றியிருந்தபோது, வலியைக் குறைக்க ஓர் இடம் இருக்கிறது என்று மருத்துவர் ஒரு துண்டறிக்கை கொடுத்தார். மேலே பெரிய எழுத்தில் 'இறுதிக்காலப் பராமரிப்பு'. நாங்கள் எடுத்து வைப்பதற்குள் அக்கா வாங்கிப் படித்துவிட்டார். அதை நான்காக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "ஜன்னலைச் சாத்து, வெயில் அடிக்கிறது" என்றார். அதற்குப் பிறகு அந்த இடத்தைப் பற்றிப் பேசவே அத்தான் விடவில்லை. கடைசி ஐந்து வாரமும் வலியோடு வீட்டிலேயே கழிந்தன.

நாம் ஆக்கும் சொல்லைப் படுக்கையில் இருப்பவரும் படிப்பார். என் கவலை அதுதான்.

ஹாஸ்பிஸ் என்றால் என்ன என்று அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். "ஹாஸ்பிட்டலைத்தானே சொல்கிறீர்கள்?" என்பார்கள். சிலர் முதியோர் இல்லம் என்று நினைப்பார்கள். கேள்விப்பட்டவர்களோ, "டாக்டர் கைவிரித்த பிறகு கொண்டுபோய்ப் போடும் இடம்" என்பார்கள். கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மருந்து என்றாலே நோயாளி அடிமையாகிவிடுவார் என்ற பயம் வேறு. வலியை அடக்குவது, புண்ணைக் கழுவிக் கட்டுவது, மூச்சுத்திணறலைத் தணிப்பது, இரவெல்லாம் விழித்திருக்கும் மனைவியோ மகளோ கொஞ்சம் கண்ணயர வழிசெய்வது என்று அங்கே நடக்கும் வேலை யாருக்கும் தெரிவதில்லை. வீட்டுக்கே வந்து இதையெல்லாம் செய்யும் குழுக்கள் இருப்பதும் தெரிவதில்லை.

பெயரால் வரும் இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததில்லை. இங்கிலாந்து மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ் 1967இல் லண்டனில் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைப் பார்த்துவிட்டு, பால்ஃபர் மவுன்ட் என்ற மருத்துவர் கனடாவின் மான்ட்ரியாலில் அதே பணியைத் தொடங்கினார். அங்கே பிரெஞ்சு பேசுவோருக்கு 'ஹாஸ்பிஸ்' என்றால் ஆதரவற்றோர் விடுதி. அதனால் அவர் 'பேலியேட்டிவ் கேர்' (வேதனையைத் தணிக்கும் பராமரிப்பு) என்ற பெயரைக் கொண்டுவந்தார். போர்வை போன்ற மேலாடையைக் குறிக்கும் லத்தீன் சொல்லான 'பாலியம்' அதன் வேர். இதே பணிக்காக 1993இல் கோழிக்கோட்டில் வேர்விட்ட இயக்கம் கேரளமெங்கும் பரவியது. அங்கே இதைச் 'சாந்த்வன பரிசரணம்' என்கிறார்கள். அந்தப் பெயரில் இருப்பது ஆறுதல். தன்னார்வலர் அதைச் சொல்லிக்கொண்டு எந்த வீட்டுக் கதவையும் தட்டலாம்.

நமக்கு? மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் (950) நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு 'உழைச்செல்வான்' என்று நான்காவதாக ஒருவர் வருகிறார். 'உழை' என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்பவர் அவர். 'உழையகம்' என்று ஆக்க எனக்கு மிகுந்த ஆசை. ஆனால் இன்றைய காதில் அது உழைப்பாகவே விழும். மனமில்லாமல்தான் விட்டேன்.

என் பரிந்துரை 'ஓம்பகம்'. ஹாஸ்பிஸின் லத்தீன் வேர் விருந்தினரையும் விருந்தளிப்பவரையும் குறிப்பது. நம் விருந்தோம்பலிலும் அதே ஓம்பல் இருக்கிறது. பார்த்துக்கொள்பவர் 'ஓம்புநர்', வீட்டுச் சேவை 'இல்ல ஓம்பல்' என்று கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன. 'நோயோம்பல்' மட்டும் வேண்டாம். நோயை வளர்ப்பது போல ஒலிக்கிறது. பேலியேட்டிவுக்கு 'நோய் ஆதரவுச் சிகிச்சை' ஏற்கெனவே புழங்குகிறது, அதைத் தொட வேண்டியதில்லை.

> உண்மையை மறைக்கும் மழுப்பலாகிவிடாதா?

அம்மா, உண்மையை மருத்துவர் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்பவரின் முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வேலையைப் பெயர்ப்பலகைக்குக் கொடுக்கக் கூடாது.

வீடு வீடாகப் போகும் செவிலியர்களைத் தெரிந்தவர்கள் இந்தக் குழுவில் இருந்தால், இந்தச் சொற்களில் எது அவர்கள் வாயில் தடையில்லாமல் வருகிறது என்று கேட்டு எழுதுங்கள்.