கன்சோலில் ஓடுது, விண்டோஸ் சேர்விஸாகப் போட்டால் எச்டிடிபிஎஸ் விழுது

கொழுந்துத்தராசு:
தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலை ஃபெக்டரி. மடுவத்துத் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) தராசு காட்டும் கொழுந்து நிறையை 5 நிமிஷத்துக்கொருமுறை கொழும்பு சேர்வருக்கு அனுப்புற சேர்விஸ் (பின்னணியில் தானா ஓடுற புரோகிராம்). டொட்நெட் ஃபிரேம்வேர்க் 4.8. சேர்வர் கிளையன்ட் சான்றிதழ் (அனுப்புற மெஷின் எதுன்னு காட்டும் டிஜிட்டல் அடையாளம்) கேட்கும். அதே புரோகிராமை என் கணக்கில் கன்சோலில் ஓட்டினால் நிறை போகுது. நெட்வர்க் சேர்விஸ் கணக்கில் (சேர்விஸ்களுக்கான விண்டோஸின் குறைந்த அதிகாரக் கணக்கு) போட்டால் 'எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் செக்கியூர் சேனல்' பிழை. ஈவென்ட் வியூவரில் எஸ்சேனல் (பாதுகாப்பான இணைப்பைக் கவனிக்கும் விண்டோஸ் பகுதி) பிழை 36870. பிஎஃப்எக்ஸை (சான்றிதழும் அதன் தனிச்சாவியும் சேர்ந்த ஃபைல்) டபுள் கிளிக் பண்ணிப் போட்டேன், பிறகு எம்எம்சியில் (விண்டோஸ் நிர்வாக ஜன்னல்) லோக்கல் கம்பியூட்டருக்கு இழுத்தும் விட்டேன். டிஎல்எஸ் 1.2 (இணைப்பை மறைகுறியாக்கும் முறை) ரிஜிஸ்ட்ரியும் மாத்தியாச்சு.

டிக்கோயா_நெட்:
ரிஜிஸ்ட்ரியை விடுங்க, டிஎல்எஸ் பதிப்புத்தான் கோளாறுன்னா கன்சோலிலும் விழணும். 36870ன்னா தனிச்சாவியைத் திறக்க முடியல. டபுள் கிளிக் பண்ணினா முதல் திரையில 'கரண்ட் யூசர்'தான் தெரிவாகி நிற்கும். சாவி உங்க புரொஃபைலுக்குள்ள போயிரும். இழுத்துவிட்டப்போ சான்றிதழ் மட்டும்தான் நகர்ந்திருக்கு. பூட்டு மடுவத்துல, சாவி உங்க லயத்து வீட்டுக் காம்பிராவுல.

பிஎஃப்எக்ஸும் கடவுச்சொல்லும் கையில இருக்கான்னு பார்த்துட்டு ரெண்டு இடத்துலயும் அழிங்க. திரும்ப இம்போர்ட் பண்ணும்போது 'லோக்கல் மெஷின்'. அப்புறம் லோக்கல் கம்பியூட்டர் சான்றிதழ் ஜன்னல்ல பெர்சனல், சான்றிதழ் மேல வலது கிளிக், ஆல் டாஸ்க்ஸ், மேனேஜ் பிரைவேட் கீஸ். அங்க நெட்வர்க் சேர்விஸுக்கு 'ரீட்' மட்டும். அவசரத்துல லோக்கல் சிஸ்டம் கணக்குக்கு மாத்திடாதீங்க, ஓடும்தான், ஆனா தராசு புரோகிராமுக்கு அவ்வளவு அதிகாரம் எதுக்கு?

கொழுந்துத்தராசு:
ரீட் கொடுத்து சேர்விஸை மறுபடி கிளப்பினேன், 36870 வரல. நன்றிண்ணே. அடுத்த வருஷம் சான்றிதழ் மாத்தும்போது இது தானா வந்துருமா?

பண்டாரவளை_சிஸ்:
வராது. புதுச் சான்றிதழுக்குப் புதுச் சாவி, ரீட் மறுபடி கொடுக்கணும். தம்ப்பிரின்ட்டும் (புரோகிராம் சான்றிதழைத் தேட உதவும் நீள அடையாள எண்) மாறும். அதை ஜன்னல்ல இருந்து கொப்பி பண்ணினா முன்னால கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒன்னு ஒட்டிக்கிட்டு வரலாம், வந்தா சான்றிதழ் இருந்தும் 'கிடைக்கல'ன்னு சொல்லும். கையால தட்டுங்க.

இன்னொன்னு, கரன்ட் போய்ப் போய் வர்ற இடம். மதர்போர்ட் பேட்டரி செத்து, தேதி பல வருஷம் பின்னால போனா எந்தச் சான்றிதழும் செல்லாது. டொமைன்ல (கம்பனி மெஷின்களை ஒரே இடத்துல நிர்வகிக்கும் அமைப்பு) சேராத மெஷினில் நேரம் 15 மணித்தியாலத்துக்கு மேல விலகினா விண்டோஸ் டைம் தானா திருத்தாது. தேதியைக் கையால வைச்சுட்டு, சிஆர்2032 பேட்டரி ஒன்னு வாங்கிப் போடுங்க.