சங்கக் காசில் வைக்கோல் கொதிகலனா, நெல் உலர்த்தியா?

அன்பின் ஊரவர்களுக்கு வணக்கம்.

சுவிஸில் இருக்கும் தம்பி போன கிழமை அனுப்பிய மடலை வாசித்தேன். ஐரோப்பாவில் வைக்கோலை எரித்து ஊர் முழுவதற்கும் சூடு கொடுக்கிறார்கள். நம்மட வட்டையில், வயல்வெளியில், வெட்டு முடிந்ததும் வைக்கோலைச் சும்மா கொளுத்துகிறார்கள். நம் ஊர்ச் சங்கத்தின் காசில் ஒரு கொதிகலன் வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்டிருந்தார். நல்ல மனதோடு கேட்ட கேள்வி. நான் இருப்பது டென்மார்க்கில், வைக்கோலில் சூடாகும் ஒரு சின்னப் பட்டினத்தில். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காசு போட வேண்டியது நெல் உலர்த்த, எரிக்க வேண்டியது உமி. வைக்கோலைத் தொட வேண்டாம்.

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது டென்மார்க்கின் எரிசக்தியில் பத்தில் ஒன்பது பங்கு எண்ணெயாக இருந்தது. அந்த அடிக்குப் பிறகுதான் அரசும் பல்கலைக்கழகங்களும் கமக்காரரும் சேர்ந்து வேலையைத் தொடங்கினார்கள். 1979இல் சூடு வழங்கலுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. 1993இல் கட்சிகள் உடன்பட்டு, 2000ஆம் ஆண்டுக்குள் மின்நிலையங்கள் வருடத்துக்கு 12 இலட்சம் தொன் வைக்கோலும் 2 இலட்சம் தொன் மரச்சீவலும் எரிக்க வேண்டும் என்று விதித்தார்கள். வைக்கோலோ இலகுவில் வசப்படும் விறகு இல்லை. அதிலுள்ள பொட்டாசியமும் குளோரினும் கொதிகலன் குழாய்களை அரித்துவிடும். சாம்பல் உருகிக் கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும். வயலில் மழையில் நனைந்து, பிறகு காய்ந்து, நிறம் மங்கிய வைக்கோலில் இந்த உப்புகள் கழுவப்பட்டுப் போயிருக்கும் என்பதால் மஞ்சள் வைக்கோலைவிட அதுதான் கொதிகலனுக்கு உகந்தது என்று ஆராய்ந்து கண்டார்கள். 500 கிலோ அளவிலான கட்டுகளைப் பாரந்தூக்கி எடுக்கும்போதே ஈரம் அளக்கப்படுகிறது. கூடினால் கட்டு திரும்பிப் போகும். கமக்காரருக்கு விலையும் ஈரத்தைப் பார்த்துத்தான். இவ்வளவு ஏற்பாட்டுக்கும் கடைசியில் நிற்பதுதான் தம்பி கேட்ட கொதிகலன். அதை மட்டும் கழற்றிக் கொண்டுபோய், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே நம் படுவான்கரையில் வைத்தால் இரண்டு போகம்கூட ஓடாது.

இங்கே வருடத்தில் பாதிக்கு மேல் வீட்டைச் சூடாக்க வேண்டும். ஊரில் அந்தத் தேவை இல்லை. நெல் வைக்கோலில் சிலிக்காவும் சாம்பலும் இங்கே எரிக்கும் கோதுமை வைக்கோலைவிட அதிகம். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் பொட்டாசியத்தில் 80 வீதத்துக்கு மேல் வைக்கோலில்தான் தங்குகிறது. 2021இல் அரசு இரசாயன உரத்தை நிறுத்தியபோது வயல்காரர் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். கொளுத்துவதை நிறுத்த வேண்டும், அது சரி. ஆனால் அந்த வைக்கோல் மாட்டுக்கும் மண்ணுக்கும் போகட்டும்.

அப்படியென்றால் ஊருக்குச் சூடு தேவைப்படுவது எங்கே? பெரும்போக வெட்டின்போது, தை மாசி மழையில். வெட்டு மெசின் கொட்டும் நெல்லில் ஈரம் 20 வீதத்துக்கு மேல் நிற்கும். நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீதத்துக்கு மேல் எடுக்காது. வெள்ளாவெளிப் பக்கம் போனால் பாதி வீதியில் நெல் காய்கிறது. ஒரு மழை இருட்டினால் படங்கை இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். முளை கட்டிவிடுமே என்ற பயத்தில், வாசலுக்கு வரும் யாவாரி சொன்ன விலைக்கே ஈர நெல்லைக் கொடுத்துவிடுகிறார்கள். என் மனதை ஆறவிடாத விஷயம் இதுதான். ஆறு மாதப் பாடு அந்த ஒரு கிழமையில் கரைந்துபோகிறது.

இதே சிக்கல் வியட்நாமில் மீகொங் கழிமுகத்திலும் இருந்தது. ஹோ சி மின் நகரின் நொங் லாம் பல்கலைக்கழகம் 1980களிலிருந்து இதில் உழைத்து, செங்கல் தொட்டி, காற்றாடி, உமி அடுப்பு என்ற எளிய அமைப்பில் ஒரு உலர்த்தியை ஊரூராகப் பரப்பியது. 4 தொன் நெல்லை 8 முதல் 10 மணி நேரத்தில் உலர்த்தும். மணிக்கு 25 கிலோ உமி என்று வைத்தால் 250 கிலோவுக்குள் முடிந்துவிடும். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அதே 4 தொன் நெல்லைக் குற்றினால் 700 கிலோ உமியாவது வரும். ஆலைக்காரர் நெல் அவிக்க எடுத்தாலும் மிஞ்சும். காற்றாடிக்கு ஒரு டீசல் எஞ்சின் போதும். கவனிக்க வேண்டியது வெப்பம்: விதைநெல்லுக்கு 43 பாகைக்கு மேல் காற்று போகக்கூடாது, முளைப்பு கெட்டுவிடும், சாப்பாட்டு நெல்லும் அதிகச் சூட்டில் வெடித்துக் குறுநொய்யாகும். அடுப்பு சரியாக எரியாவிட்டால் புகை மணம் அரிசியில் ஏறும்.

நம் நாட்டிலும் ஆய்வு இல்லாமல் இல்லை. 1974இல் தொடங்கிய ஏக்கலை பொறியியல் ஆராய்ச்சி நிலையம் விறகை எரிவாயுவாக மாற்றும் வாயுவாக்கியும் வைக்கோல் உயிர்வாயுக் கலனும் செய்தது. 1980களில் வந்த, விறகை மிச்சப்படுத்தும் அனகி களிமண் அடுப்பு எத்தனையோ குசினிகளில் புகையைக் குறைத்தது. 2005இல் எரிபொருளுக்கு விறகு தரும் சீமைக்கிளுவையை, அதுதான் நம்மட வேலிக் கிளிசரியாவை, தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது தோட்டப்பயிராக அறிவித்தார்கள். அநுராதபுரத்தில் அறுவடைக்குப் பிந்திய தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு நிறுவகம் இருக்கிறது. ஆனால் நெல் விளையும் நம் பக்கத்து மழைக்கும் ஈரத்துக்கும் ஏற்ற மாதிரி ஒரு போகம் முழுக்க ஓட்டிப் பார்த்து அளந்த உலர்த்தி ஒன்று நம் ஊரில் இல்லை. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம் இருக்கிறது, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாய பீடம் இருக்கிறது. இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஆய்வு வேலை எது?

ஆகவே கேட்பது இவ்வளவுதான். கொதிகலனுக்கென்று ஒதுக்கச் சொன்ன காசில் ஒரு 4 தொன் உலர்த்தியை ஆலையடியில் கட்டுவோம். மிச்சத்தை இரண்டு மாணவருக்கு ஒரு பெரும்போகச் செலவுக்குக் கொடுப்போம். எரிந்த உமி, போன ஈரம், உடைந்த அரிசி, கூலி எல்லாவற்றையும் அவர்கள் எழுதி வைக்கட்டும். கமக்கார அமைப்போடு யார் பேசுவது, ஆலைக்காரர் உமி தருவாரா, உலர்த்துக்கூலியை யார் தீர்மானிப்பது என்பதை இந்த மாதக் கூட்டத்துக்கு முன் ஊரில் இருப்பவர்கள் விசாரித்து எழுதுங்கள். லண்டன் அக்காவின் மகன் இயந்திரப் பொறியியல் படித்தவர். அடுப்பின் வரைபடத்தை அவர் ஒருக்கால் பார்த்துச் சொன்னால் நல்லது. சுவிஸ் தம்பி, உங்கள் பங்கும் இதில் கட்டாயம் வேண்டும்.

அன்புடன்,
டென்மார்க்கிலிருந்து உங்கள் அண்ணன்