எஸ்விடி: ‘படபடப்பு’ வேண்டாம், ‘விரைவுத்துடிப்பு’ ஆகட்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

எஸ்விடி என்பது ‘சூப்ராவென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா’ என்ற இதயக் கோளாறின் சுருக்கம். கைக்குழந்தைகளுக்கான செவிலியர் கையேட்டைத் தமிழாக்கும்போது, இதயம் மிக வேகமாகத் துடிப்பதைக் குறிக்கும் ‘டாக்கிகார்டியா’வுக்குப் ‘படபடப்பு’ என்றே போடலாம் என்று நண்பர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. படபடப்பு என்பது நோயாளி உணர்ந்து சொல்வது. மூன்று மாதக் குழந்தை அதை எப்படிச் சொல்லும்? பால் குடிக்காது, சிணுங்கிக்கொண்டே இருக்கும், வெளிறும், வியர்க்கும், மூச்சு வாங்கும். செவிலியர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டால்தான் இதயம் எண்ண முடியாத வேகத்தில் ஓடுவது தெரியும். நமக்கு வேண்டியது அந்த வேகத்தைச் சொல்லும் சொல்.

‘மிகைத்துடிப்பு’ம் சரிவராது. நடுவில் கூடுதலாக விழும் ஒற்றைத் துடிப்புக்கு அந்தச் சொல் தேவைப்படும்.

‘விரைதுடிப்பு’ எனக்குப் பிடித்திருந்தது. ‘ஊறுகாய்’ மாதிரி அழகான வினைத்தொகை. ஆனால் மருத்துவத் தமிழில் ‘விரை’க்கு வேறு பொருள் உண்டு, விரைவீக்கம் என்ற சொல்லை அறியாதவர் இல்லை. அதனால் ‘விரைவுத்துடிப்பு’ என்கிறேன்.

அடுத்தது பெயரின் முற்பகுதியான ‘சூப்ராவென்ட்ரிகுலர்’. இதயத்தின் ‘கீழறைக்கு மேலே’ என்று பொருள். வெறும் ‘மேலறை’ என்றால் பிழையாகிவிடும். மேலறைக்கும் கீழறைக்கும் இடையில் மின்துடிப்பைக் கடத்தும் கணுவிலிருந்தும் இது வரலாம். கைக்குழந்தைகளுக்குப் பெரும்பாலும் பிறவியிலேயே அமைந்த கூடுதல் மின்பாதை வழியாகத்தான் மின்துடிப்பு சுற்றுகிறது. ‘கீழறைமேல் விரைவுத்துடிப்பு’ என்று வைக்கலாமா? கொஞ்சம் கரடுமுரடுதான், ஆனால் பொருள் பிசகாது.

இந்த முன்னொட்டை எந்த இடத்திலும் விட்டுவிடக் கூடாது. காய்ச்சலிலும் அழுகையிலும் ஏறுவதும் விரைவுத்துடிப்புதானே. அது பெரும்பாலும் நிமிடத்துக்கு 220-க்குள் நிற்கும், மெல்ல ஏறி, குழந்தை அமைதியானதும் மெல்ல இறங்கும். எஸ்விடி சட்டென்று தொடங்கும், வழக்கமாக 220-ஐத் தாண்டும், குழந்தை அழுதாலும் தூங்கினாலும் எண் ஏறக்குறைய அப்படியே நிற்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால், பணி மாறும்போது அடுத்த செவிலியர் ‘காய்ச்சலால்தான்’ என்று எண்ணிவிடுவார். நேரம் போகப் போக இதயம் சோர்ந்து செயலிழக்கத் தொடங்கும்.

அப்புறம், ‘வேகல் மனூவர்’, அதாவது வேகஸ் நரம்பைத் தூண்டி இதய வேகத்தைக் குறைக்கும் செய்முறை. ‘வேகஸ் அழுத்தம்’ என்ற பரிந்துரையைத் தயவுசெய்து கைவிடுவோம். குழந்தைக்குச் செய்வது, மூக்கும் வாயும் மூடாமல் நெற்றியிலும் கண்களைச் சுற்றியும் சில விநாடிகள் பனிக்கட்டிப் பையை வைப்பது, அதுவும் ஈசிஜி ஓடிக்கொண்டிருக்கும்போது. கண்விழியை அழுத்தவே கூடாது, பார்வைக்கே ஆபத்து. ‘அழுத்தம்’ என்று படிக்கும் புதியவர் கை எங்கே போகும்? ‘வேகஸ் தூண்டல்’ என்றே எழுதுவோம்.