அப்பாவின் குடலிறக்கம்: இப்போதே அறுவையா, காத்திருப்பதா?

வணக்கம். பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு வயது 76. நான்கு மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து, இருதய இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைத்தார்கள். இப்போது குடலிறக்கம். மாலையானால் அடிவயிற்றோரம் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துவிடுகிறது. இருமும்போது அதைக் கையால் அமுக்கிக்கொண்டு, "ஒன்றுமில்லை" என்கிறார்.

அறுவை மருத்துவர், இரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரையை 5 நாள் முன்பே நிறுத்தச் சொல்கிறார். இருதய மருத்துவரோ, நிறுத்தினால் ஸ்டென்ட்டில் இரத்தம் உறையலாம், ஸ்டென்ட் வைத்து 12 மாதம் முடியட்டும் என்கிறார். இருவரும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. நடுவில் கோப்பைச் சுமந்துகொண்டு நான். மயக்க மருத்துவர் மட்டும், இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குமா என்று கேட்டார். உருப்படியான கேள்வி. எங்கள் அடுக்குமாடியில் லிப்ட் பழுதான அன்று பார்த்தேன்: முதல் மாடிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

காத்திருந்து, குடல் சிக்கிக்கொண்டு அவசர அறுவையாகிவிட்டால் அது இன்னும் ஆபத்து. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாருக்காவது முழு மயக்கமில்லாமல், அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து இந்த அறுவை நடந்திருக்கிறதா? இரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மாத்திரையான ஆஸ்பிரினையாவது தொடரவிட்டார்களா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். நாட்டு மருந்து வேண்டாம். அத்தை ஏற்கெனவே மூன்று சொல்லிவிட்டார். வரும் செவ்வாய்க்கிழமை மருத்துவரிடம் பதில் சொல்ல வேண்டும்.