4294967297 பகா எண்ணா, பகு எண்ணா?

கேள்வி:
2-இன் 32-ஆம் அடுக்கோடு 1-ஐக் கூட்டினால் வரும் 4294967297 என்ற எண்ணை ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தைக் கொண்டு சோதித்தேன். n ஓர் ஒற்றைப் பகா எண்ணாக இருந்தால், 2-இன் (n−1)-ஆம் அடுக்கை n-ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். எனக்கும் 1-தான் வந்தது. ஆனால் பகா எண் அட்டவணையில் இந்த எண்ணைக் காணவில்லை. என் கணக்கில் பிழை உள்ளதா? இது பகு எண்தான் என்றால், கையாலேயே சரிபார்க்கக்கூடிய நிரூபணம் ஏதேனும் உண்டா?

மறுமொழி 1:
உங்கள் கணக்கு சரியே. அந்தத் தேற்றத்தின் மறுதலைதான் உண்மையல்ல. n = 2³² + 1 என்பதால், 2³²-ஐ n-ஆல் வகுத்தால் மீதி −1 (அதாவது n-இன் மடங்குக்கு ஒன்று குறைவு), ஆகவே 2⁶⁴-க்கு மீதி 1; n−1 என்பது 64-இன் மடங்காக இருப்பதால் உங்களுக்கும் 1 வந்தே தீரும். இத்தகைய எண்ணை 2-ஐ அடியாகக் கொண்ட போலிப் பகா எண் என்கிறோம். 3-ஐ அடியாகக் கொண்டு பகா எண்ணா என்று பார்க்கும் பெப்பான் சோதனை இதை ஏமாறாமல் பிடித்துவிடும்.

2-இன் 1, 2, 4, 8, 16-ஆம் அடுக்குகளோடு 1-ஐக் கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்களாக இருந்ததால், இவ்வரிசையில் அடுத்தடுத்து வருபவையும் அப்படியே இருக்கும் என்று ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் 4294967297 = 641 × 6700417 என்று காட்டினார். நீங்கள் கேட்ட நிரூபணம் இதோ: 641 = 5·2⁷ + 1 என்பதால், 641-ஆல் வகுக்கும்போது 5·2⁷-க்கு மீதி −1; அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴·2²⁸-க்கு மீதி 1. மறுபுறம் 641 = 5⁴ + 2⁴ என்பதால் 5⁴-க்குப் பதிலாக −2⁴-ஐ இடலாம். அப்போது −2³²-க்கு மீதி 1, அதாவது 2³² + 1 என்பது 641-ஆல் மீதியின்றி வகுபடும். இவ்வளவு சுருக்கமாக ஒரு பத்து இலக்க எண் உடைவதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மறுமொழி 2:
641-ஐத் தேடுவதும் கடினமன்று. இந்த எண்ணின் பகாக் காரணி எதுவாயினும் 64k + 1 என்ற வடிவில்தான் அமையும். அவ்வடிவிலான பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று செல்வதால் ஐந்தாம் முயற்சியிலேயே விடை கிடைத்துவிடும்.

மறுமொழி 3:
இதற்கு இன்னொரு முகமும் உண்டு. 4k + 1 வடிவிலுள்ள ஒரு பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூடுதலாக ஒரே ஒரு வழியில்தான் எழுத முடியும். இந்த எண்ணுக்கோ இரண்டு வழிகள் உள்ளன: 65536² + 1², 62264² + 20449². பகு எண் என்பதற்கு இதுவே போதிய சான்று.

கேட்டவர்:
மிக்க நன்றி. மறுமொழி 3-இல் உள்ள இரு கூடுதல்களிலிருந்தே காரணியைப் பெற முடிகிறதா என்று பார்த்தேன். 65536 − 62264 = 3272, 20449 − 1 = 20448; இவற்றின் மீப்பெரு பொது வகுத்தி 8. கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டினால் 127800, 20450. இவற்றின் மீப்பெரு பொது வகுத்தி 50. இரண்டையும் பாதியாக்கி வர்க்கப்படுத்திக் கூட்டினால் 4² + 25² = 641. முதல் மறுமொழியில் வந்த 2⁴ + 5⁴ என்பதும் இதுவேதான்.