‘டிபென்டென்சி’க்குத் ‘தாங்குபொதி’: என் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

லினக்ஸ் கணினிகளில் மென்பொருள் நிறுவும்போது வரும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் மடல்களில் பொதி (பேக்கேஜ்), களஞ்சியம் (பொதிகளைச் சேர்த்து வைத்திருக்கும் ரிப்போசிட்டரி), நிறுவுதல் (இன்ஸ்டால்) மூன்றும் ஏறக்குறைய முடிந்துவிட்டன. மீதி இருப்பது ‘டிபென்டென்சி’, அதாவது ஒரு பொதி இயங்கத் தேவைப்படும் வேறு பொதி. ‘பேக்கேஜ்’ என்பதற்குத் தொகுப்பா பொதியா என்ற பேச்சில் நான் பொதியின் பக்கம். உலருணவுப் பொதி என்ற சொல்லைக் கேட்காத வீடு எங்கள் மலையகத்தில் இல்லை. அரிசி, மா, பருப்பு, சீனி எல்லாவற்றையும் அளந்து கட்டிக் கையில் தருவார்கள். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் மென்பொருளைத் தரும் டெப் கோப்பும் அப்படித்தான். நிரல், அதற்குரிய படங்கள், இது எந்தப் பதிப்பு, இதற்கு இன்னும் என்னென்ன வேண்டும் என்று சொல்லும் சீட்டு, எல்லாம் ஒரே கட்டில் இருக்கும்.

அந்தச் சீட்டில் உள்ள ஒரு வரிக்குத்தான் நமக்கு இன்னும் நல்ல சொல் இல்லை. ‘டிபென்ட்ஸ்’ என்று தொடங்கும் வரி அது. ‘சார்பு’ என்றே வைத்துக்கொள்ளலாம், பல இடங்களில் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது என்று முந்தைய மடலில் ஒரு நண்பர் எழுதியிருந்தார். அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹட்டனுக்குப் பக்கத்தில் சனிக்கிழமைகளில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக் கொடுக்கிறேன். இருப்பவை பழைய மடிக்கணினிகள். ஆகவே லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டிருக்கிறோம். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் ‘பணிசெயல் முறைமை’ என்று பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு மின்ட் பழக ஒரு மணி நேரம்கூட ஆகாது. மென்பொருள் முகாமையாளரைத் திறந்து, பெயரைத் தேடி, ‘நிறுவு’ என்ற பொத்தானை அழுத்தினால் போதும்.

சிக்கல் இணைப்பில்தான். பனி மூடி மழையும் பிடித்துவிட்டால் தோட்டத்து வரிசை வீடுகள் உள்ள லயத்துப் பக்கம் கைப்பேசியில் ஒரு கோடுகூட நிற்காது. அதனால் பத்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் டவுனில் உள்ள இணைப்பு உள்ள ஒரு கொமினிகேசன் கடைக்குப் போய், விஎல்சி என்ற படம் பார்க்கும் மென்பொருளின் டெப் கோப்பை மட்டும் பென் டிரைவில் தரவிறக்கிக்கொண்டு வந்தான். விண்டோஸில் ஒரே செட்டப் கோப்பில் எல்லாம் முடிந்துவிடும் என்று பழகியவன். கட்டளை தட்டும் முனையத்தைத் திறந்து, டெப் கோப்பை நிறுவும் டிபிகேஜி கட்டளையைக் கொடுத்தான். பொதி பிரிந்தது. ஆனால் டிபென்டென்சி சிக்கலால் விஎல்சியை அமைக்க முடியவில்லை என்று திரை நிறைய ஆங்கிலம் வந்து நின்றது.

நான் பலகையில் ‘சார்புப் பொதிகள் இல்லை’ என்று எழுதினேன். உடனே ஒரு பிள்ளை, “கணக்குல வர்ற சார்பா சேர்?” என்று கேட்டது. நியாயமான கேள்வி. கணிதத்தில் ‘ஃபங்ஷன்’ என்பதற்கு நாம் படிப்பது சார்புதான். அதே பிள்ளை நாளைக்கு நிரல் எழுதப் பழகும்போது ஃபங்ஷன் மறுபடியும் வரும். ஒரே வகுப்பறையில் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் கொடுத்தால் பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்?

பொதி கொண்டுவந்தவன் சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது. “பொதி வந்திருச்சு சேர், ஆனா நிக்க மாட்டேங்குது.” பக்கத்தில் இருந்த பிள்ளை, “அதத் தாங்க கீழ ஒண்ணும் இல்லயா?” என்று கேட்டாள்.

நாம் இத்தனை மடல்களில் தேடிய சொல் அந்தக் கேள்விக்குள் இருந்தது. தாங்குகின்ற பொதி, தாங்குபொதி. சுடுகாடு, ஊறுகாய் போல வினைத்தொகை. தாங்கிய பொதி, தாங்குகிற பொதி, தாங்கும் பொதி என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும்.

நுவரெலியாப் பக்கம் சரிவுகளில் லீக்ஸும் கரட்டும் போட்டிருக்கும் பாத்திகளைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டியதில்லை. ஒவ்வொரு பாத்தியையும் அதன் கீழே உள்ள கல்கட்டு தாங்குகிறது. ஒரே கல்கட்டு நீளமாகப் போய் இரண்டு மூன்று பாத்திகளைத் தாங்குவதும் உண்டு. அந்தக் கல்கட்டைப் பிரித்தால் அதன்மேல் இருப்பதெல்லாம் இறங்கிவிடும். பொதிகளை நிறுவி நீக்கும் ஆப்ட் என்ற கருவி செய்வதும் இதே கணக்குத்தான். பல நிரல்களைத் தாங்கி நிற்கும் ஒரு நூலகப் (லைப்ரரி) பொதியை நீக்கச் சொன்னால், அதன்மேல் நிற்கும் நிரல்கள் எல்லாவற்றையும் நீக்கவேண்டி வரும் என்று பட்டியல் போட்டுக் காட்டிச் சம்மதம் கேட்கும். ‘லிப்சி6’ என்ற அடிப்படை நூலகப் பொதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய முழுக் கணினியும் அதன்மேல்தான் நிற்கிறது. ‘சார்பு’ என்ற சொல்லில் இந்தப் பாரம் தெரியவில்லை. ‘தாங்கு’ என்றால் பாரம் எந்தத் திசையில் இறங்குகிறது என்பதும் சேர்ந்து தெரிகிறது.

தேவையற்றுப் போன பொதிகளை நீக்கும் ‘ஆட்டோரிமூவ்’ கட்டளையும் இதனால் எளிதாகிவிடுகிறது. மேலே இருந்த நிரலை நீக்கிவிட்டோம், அதற்காகத் தானாக வந்த பொதிகள் கீழே சும்மா கிடக்கின்றன. ‘இப்போது எதையும் தாங்காத பொதிகள்’ என்று எழுதினால் எட்டாம் ஆண்டுப் பிள்ளைக்கும் புரியும்.

ஏன் ‘தாங்கி’ என்று சுருக்கக் கூடாது என்று கேட்பீர்கள். இலங்கையில் தண்ணீர்த் தாங்கி, அதாவது டேங்க், ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறது. ‘இரண்டு தாங்கிகள் இல்லை’ என்று கணினி சொன்னால் பிள்ளைகள் கூரையைத்தான் பார்ப்பார்கள். பொறியியலில் ‘பேரிங்’ என்பதற்கும் தாங்கி உண்டு. ஆகவே பொதி என்ற வால் கட்டாயம் வேண்டும்.

‘துணைப்பொதி’ என்ற சொல்லையும் இரண்டு நாள் கையில் வைத்துப் பார்த்தேன். துணை இல்லாமலும் போகலாம் என்ற எண்ணம் அதில் வந்துவிடுகிறது. டெபியன் பொதிகளின் சீட்டில் ‘ரெக்கமென்ட்ஸ்’, ‘சஜெஸ்ட்ஸ்’ என்று வேறு இரண்டு வரிகளும் உண்டு. முதலாவதில் உள்ளவற்றை ஆப்ட் வழக்கமாகக் கூடவே நிறுவும், இரண்டாவதில் உள்ளவற்றைப் பெயர் மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிடும். துணைப்பொதி என்றால் இந்த மூன்றும் குழம்பும். ரெக்கமென்ட்ஸுக்குப் பரிந்துரைப் பொதி, சஜெஸ்ட்ஸுக்கு விருப்பப் பொதி என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். விருப்பப் பொதியில் எனக்குப் பிடிவாதம் இல்லை. தாங்குபொதியில் கொஞ்சம் இருக்கிறது.

டிபென்டென்சி என்பது பொருளையும் குறிக்கும், உறவையும் குறிக்கும், தாங்குபொதி பொருளை மட்டும்தானே சொல்கிறது என்ற மறுப்பு வரும். சரிதான். உறவைச் சொல்லும் இடத்தில் பெயர்ச்சொல் தேடவேண்டாம், வினையாகவே எழுதுவோம். ‘அ என்ற பொதி ஆ என்ற பொதியின்மேல் நிற்கிறது.’ ‘ஒன்றையொன்று தாங்கும் பொதிகள்.’ ஆங்கிலம் பெயர்ச்சொல்லாக வைத்திருக்கிறது என்பதற்காகத் தமிழும் பெயர்ச்சொல்லாகவே சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. நம் மொழிபெயர்ப்புகள் பல இறுகிப் போவது இந்த இடத்தில்தான்.

1999 மார்ச்சில் வந்த டெபியன் 2.1இலிருந்து ஆப்ட் இருக்கிறது. ஒரு பொதியைக் கேட்டால் அதன் தாங்குபொதிகளையும், அவற்றின் தாங்குபொதிகளையும் தேடிச் சேர்த்து, சரியான வரிசையில் நிறுவுவதுதான் அதன் பெரிய வேலை. உபுண்டு என்ற லினக்ஸ் வகை டெபியன்மேல் நிற்கிறது, மின்ட் உபுண்டுமேல் நிற்கிறது. அதனால் நாம் வைக்கும் சொல் மூன்றுக்கும் போகும். பொறுப்போடு தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதற்காகத்தான்.

அந்த மாணவனுக்கு என்ன செய்தோம் என்றும் சொல்லிவிடுகிறேன், இணைப்பு இல்லாத ஊர்களில் உள்ளவர்களுக்கு உதவும். அதே மின்ட் பதிப்பு உள்ள, இன்னும் விஎல்சி போடாத இன்னொரு மடிக்கணினியை டவுனுக்கு எடுத்துப் போனோம். முதலில் பொதிப் பட்டியலைப் புதுப்பிக்க ‘ஆப்ட் அப்டேட்’ கொடுத்தோம். அப்புறம் ‘ஆப்ட் இன்ஸ்டால்’ கட்டளையோடு, நிறுவாமல் தரவிறக்க மட்டும் சொல்லும் ‘டவுன்லோட்-ஒன்லி’ என்பதைச் சேர்த்தோம். விஎல்சியும் அதன் தாங்குபொதிகளும் ‘வார்’ கோப்புறைக்குள் ‘கேஷ்’, ‘ஆப்ட்’, ‘ஆர்க்கைவ்ஸ்’ என்று உள்ளே போனால் வரும் இடத்தில் டெப் கோப்புகளாகக் கிடந்தன. எல்லாவற்றையும் பென்னில் ஏற்றி லயத்துக்குக் கொண்டுவந்து ஒன்றாக நிறுவியதும் விஎல்சி திறந்தது. இதையே ஒழுங்காகச் செய்துதர ‘ஆப்ட்-ஆஃப்லைன்’ என்ற கருவியும் களஞ்சியத்தில் இருக்கிறது.

மொழிபெயர்ப்புக்கு நான் முன்வைக்கும் வரிகள் இவை: ‘பின்வரும் தாங்குபொதிகளும் நிறுவப்படும்.’ ‘இந்தப் பொதிக்குத் தேவையான தாங்குபொதிகள் சில இல்லை.’ ‘இந்தப் பொதியை நீக்கினால் அதன்மேல் நிற்கும் இவையும் நீங்கும்.’

‘ரிவர்ஸ் டிபென்டென்சி’க்கு, அதாவது ஒரு பொதியின்மேல் நிற்கும் பொதிக்கு மட்டும் இன்னும் ஒரு சொல் கைக்கு வரவில்லை. ‘மேற்பொதி’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் மேலே கட்டும் உறை என்ற பொருளும் அதற்கு வந்துவிடுமோ என்று பயம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தமிழ்நாட்டிலும் இருப்பவர்கள் உங்கள் பக்கத்துப் பேச்சிலிருந்து ஏதாவது எடுத்துத் தாருங்கள். வரும் சனிக்கிழமை வகுப்பிலும் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து